அறுபதும் முப்பதும் ஒரே மேசையில்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பேட்டன் ரூஜில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஆட்டம் பார்க்கப் போனாயா?" எந்த ஆட்டம் என்று சொல்லவே மாட்டார்கள். அந்த ஊரில் ஆட்டம் என்றால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின், அதாவது எல்.எஸ்.யூ.வின், அமெரிக்கக் கால்பந்துதான். டைகர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பல்கலைக்கழக வளாகத்தில் மைக் என்ற பெயரில் உயிருள்ள புலியையே வளர்க்கிறார்கள். நான் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு ரசாயன ஆலையில் கண்ட்ரோல் இன்ஜினியராக இருந்தேன். சீசன் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை ஷிப்டுக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு.

2019 சீசனை அங்கிருந்தே பார்க்கக் கொடுத்து வைத்திருந்தேன். 15 ஆட்டம், 15 வெற்றி, தேசிய சாம்பியன் பட்டம். எல்லோரும் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான், புள்ளி தரும் டச்டவுன் பாஸ் 60, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, சும்மா கிடைத்துவிடுமா? ஆனால் எனக்கு அந்த சீசன் என்றால் முதலில் ஞாபகம் வருபவர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர்.

என்ஸ்மிங்கர் தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளர். அதே ஊர்க்காரர். 1970களில் இதே அணிக்குக் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். எல்.எஸ்.யூ.வின் பாணி பழைய பாணி: பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டு, இடித்துத் தள்ளி முன்னேறுவது. 2018இல் சொந்த மைதானத்திலேயே அலபாமா பல்கலைக்கழகத்திடம் 29-0 என்று தோற்றார்கள். அலபாமாவிடம் அது தொடர்ந்து எட்டாவது தோல்வி. அப்புறம்தான் தலைமைப் பயிற்சியாளர் எட் ஆர்ஜரான் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடியைக் கூட்டி வந்தார். பிரேடிக்கு அப்போது 29 வயது. பந்தை எறிந்து முன்னேறும் பாஸ் ஆட்டத்தின் பொறுப்பு அவருக்கு.

அறுபது வயதுக்காரரின் அறைக்குள் இருபத்தொன்பது வயதுக்காரரைக் கொண்டு வந்து உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கோப்புகள் பூட்டிக்கொள்ளும், மீட்டிங்கில் மௌனம் நிலவும். இங்கே அது நடக்கவில்லை. ஆட்டத்தின்போது அடுத்து எந்த உத்தி என்று சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் என்ஸ்மிங்கரிடமே இருந்தது. பிரேடி கொண்டுவந்த பாஸ் உத்திகளை அவர் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டார். பந்து கைக்கு வந்த பிறகு, எதிரணித் தடுப்பாளர் ஒருவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து, ஓடவிடுவதா எறிவதா என்று பரோவே அந்த நொடியில் முடிவெடுப்பார். 2018இல் 16 டச்டவுன் பாஸ் போட்ட அதே பரோ மறு ஆண்டில் 60 போட்டார். பொறுப்பாளரும் அதே ஆள்தான். நவம்பர் 9 அன்று அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 46-41 என்று வென்றபோது எங்கள் ஆலையில் பலர் கண்கலங்கினார்கள்.

எங்கள் கண்ட்ரோல் ரூமிலும் அந்த ஆண்டு இதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது. வேலையில் தலை நரைத்த ஒரு ஆபரேட்டர், கல்லூரி முடித்து வந்த ஒரு இளம் பெண் இன்ஜினியர். லூசியானாவில் மழை திடுதிப்பென்று கொட்டும். ரசாயனங்களைக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் மேல் பகுதி சட்டென்று குளிர்ந்து, உள்ளே அழுத்தம் இறங்கி, திரையில் வரிசையாக அலாரம் அடிக்கும். பெரியவர் கூரையில் முதல் தூறல் சத்தம் கேட்டதுமே கோபுரத்துக்குள் திருப்பி விடும் திரவத்தை, அதாவது ரிஃப்ளக்ஸை, சற்றுக் குறைத்துவிடுவார். எவ்வளவு, ஏன் என்று எந்தக் கையேட்டிலும் கிடையாது. அந்தப் பெண் பல ஷிப்டுகள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கை போகிற போக்கைப் பார்த்து, கேள்வி கேட்டு, அதைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கான லாஜிக்காக எழுதினார். பெரியவர் ஒளிக்கவில்லை. "இல்லை, இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்று திருத்திக்கொண்டே இருந்தார். லாஜிக்கின் குறிப்பு வரியில் இருவரின் இனிஷியலும் இருக்கிறது. அவருடையது முதலில். அது அந்தப் பெண்ணின் பிடிவாதம்.

டிசம்பர் 28, அட்லாண்டாவில் ஒக்லஹோமாவுடன் அரையிறுதி. அன்று காலை லாஃபயெட்டிலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஆட்டத்துக்குப் புறப்பட்ட கார்லி மெக்கார்ட் அதில் ஒருவர். விளையாட்டுச் செய்தியாளர், என்ஸ்மிங்கரின் மருமகள். செய்தி அவருக்கு ஆட்டத்துக்கு முன்பே சொல்லப்பட்டது. அவர் மேலே பயிற்சியாளர்களின் அறைக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்த்தார். முதல் பாதியிலேயே பரோ 7 டச்டவுன் பாஸ், முடிவு 63-28. நான் அந்த ஆட்டத்தைப் பார்த்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுக் கொண்டாடவில்லை. அந்த நிலையில் அவர் வேலைக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது அவர் எடுத்த முடிவு. அவரைச் சுற்றி இருந்தவர்கள் அவரைத் தனியாக விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸில் கிளெம்சனுடன் இறுதி ஆட்டம். ஆலை நிற்காதே, எங்களுக்கு இரவு ஷிப்ட். கண்ட்ரோல் ரூமில் டிவி கிடையாது. ஓய்வறைக்குப் போய் வருபவர்கள் ஸ்கோரைச் சொல்வார்கள். 17-7 என்று பின்தங்கியபோது பெரியவர் ஒன்றும் பேசாமல் லாக் புத்தகத்தில் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தார். கடைசிக் கால் பகுதிக்குப் பக்கத்து மேசை ஆபரேட்டர் ஒருவர் வந்து, "நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்று அவரை எழுப்பி அனுப்பினார். 42-25. திரும்பி வந்தவர் அந்த ஆபரேட்டரைக் கட்டிப் பிடித்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அணி அப்புறம் கலைந்துவிட்டது. பிரேடி கரோலினா பாந்தர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் பரோ முதல் ஆளாகத் தேர்வானார். மொத்தம் 14 பேர் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். அடுத்த சீசன் 5 வெற்றி, 5 தோல்வி. 2019இன் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராயில்ஸ் விருது பிரேடிக்குக் கிடைத்தது. தகுதியானவர்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த விருதில் என்ஸ்மிங்கர் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் யாரிடமும் வாதாடத் தயார்.