யாரைக் கேட்டு எடுப்பது?

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு, உயிரிழந்த அந்த ராணுவ வீரரின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தேசியக் கொடியை மடித்துக் கையில் கொடுத்த வீடியோ யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்டு அனுப்பியது வீரரின் மனைவி. “எங்க தங்கச்சிக்கு அன்னைக்கி நடந்தது எதுவுமே நெனவுல இல்ல. கொடி வாங்குனதக்கூட மத்தவங்க சொல்லித்தான் தெரியும்ங்குது” என்றார் வந்த அண்ணன். யாரிடமும் இல்லை. எடுக்க வேண்டாம் என்று பேசி வைத்துத்தான் அந்த நிமிடத்தில் நிருபர்கள் எல்லோரும் கேமராவைக் கீழே இறக்கியிருந்தோம்.

பேசி வைத்தது யாரோடு என்பதுதான் இப்போது உறுத்துகிறது. ராணுவ வண்டி வருவதற்கு முன், இறந்தவரின் சின்னையா (சித்தப்பா) திண்ணைக்கு வந்து, “தம்பி, ரோட்டுல எடுங்க, மைதானத்துல எடுங்க. வீட்டுக்குள்ள வேணாம். அந்தப் புள்ள மூஞ்சி எதுலயும் வரக்கூடாது” என்றார். மனைவியின் அண்ணனோ, “எல்லாத்தையும் எடுங்கண்ணே, நாடே பாக்கட்டும்” என்றார். வயதில் மூத்தவர் பேச்சுதான் நின்றது. வீட்டுக்குள் இருந்த அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. கேத வீட்டில் போய்க் கேட்கிற கேள்வியா அது என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது, பாதி நேரம்.

வீரரின் உடல் ஊர் வருவதைப் பத்திரிகையும் டிவியும் காட்ட வேண்டுமா என்றால், காட்ட வேண்டும். 1999 கார்கில் போருக்கு முன்பு, போர்முனையில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே காரியம் முடிந்துவிடும். ஊருக்குத் தந்தியும் உடைமைகளும்தான் வரும். கார்கிலில்தான் பெட்டிகள் கிராமம் கிராமமாக வந்தன, கேமராவும் கூடவே வந்தது. 2020 ஜூன் 15-ஆம் தேதி லடாக்கின் கல்வானில் சீனப் படையுடனான மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தபோது, எங்களுக்குப் பக்கத்துத் தாலுகாவான திருவாடானையில், கடுக்கலூர் ஹவில்தார் பழனியின் உடல் கொரோனா ஊரடங்கு காலத்தில் வந்து சேர்ந்தது. வர முடியாதவர்கள் டிவியில் பார்த்துத்தான் கைகூப்பினார்கள். அதைக் காட்டியது தப்பென்று யாரும் சொல்ல முடியாது.

எதைக் காட்டுவது என்பதில்தான் சிக்கல். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் உடல் வருவது மதுரை அல்லது திருச்சி விமான நிலையம் வழியாக. இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கி.மீ. ஆக, விமானம் இறங்கிய தகவல் வந்த பிறகும் நிருபருக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது விஏஓவுக்கோ, ஸ்டேஷனுக்கோ போன் போட்டு, வீட்டில் யார் யாருக்குச் சொல்லியிருக்கிறது என்று கேட்பது. தகவல் முதலில் ஒரு ஆணுக்குத்தான் வரும். அவர் ஆத்தாவிடம், “அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரியில இருக்கான்” என்று மட்டும் சொல்லியிருப்பார். டிவிக்குப் பின்னால் போகிற கேபிள் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, செட்டாப் பாக்ஸ் மேல் வைத்திருப்பார்கள். கிழவியின் போனை ஒரு பேரப்பிள்ளை வாங்கி வைத்திருக்கும். அந்த வாசலில் போய் சேனல் லோகோ போட்ட மைக்கோடு நின்றால், யாரும் வாய் திறக்காமலே செய்தி உள்ளே போய்விடும்.

அடுத்த கெடுதல் வீட்டுக்குள் நடக்கிறது. பெட்டியைத் திறந்து முகம் காட்டலாமா என்பது உடலின் நிலையைப் பொறுத்தது. உடன் வரும் ராணுவத்தினர் அதை வீட்டு ஆண்களிடம் தனியாகச் சொல்வார்கள். திறந்தால் கிடைக்கிற நேரம் கொஞ்சம். அதற்குள் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும், உடலைக் குளிப்பாட்ட எடுத்து வரும் நீர்மாலை வர வேண்டும், பிறந்த வீட்டுக் கோடித் துணி விழ வேண்டும். காவி தலைமாட்டில் வரும்படி பெட்டி மேல் போர்த்திய கொடி குழிக்குள் இறங்கக் கூடாது, சிதையில் எரியக் கூடாது என்பது கொடிச் சட்டம். கொடி இருக்கும்போது அதன் மேல் கோடி போட முடியாது. எந்தச் சடங்கு வீட்டில், எது மயானத்தில் என்று ராணுவத்தினரும் பங்காளிகளும் நின்று பேசித்தான் முடிவாகும். அந்த நேரத்தில் நாலு எல்இடி லைட்டும் பத்துப் பேரும் உள்ளே நுழைந்தால், ஒப்பாரி வட்டம் உடையும், சுவரோரம் நிற்கிற மாமன் மச்சான்கள் வாசலுக்குத் தள்ளப்படுவார்கள். மைக்கைப் பெட்டி மூடி மேலேயே வைக்கிறவர்களும் உண்டு. துயரத்தில் இருப்பவர்களின் தனிமைக்குள் கேமராவோடு நுழையக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலை செய்யக் கூடாதென்று 2015-இல் கேபிள் டிவி விதியே திருத்தப்பட்டது. பெட்டி வீடு வந்த பிறகு நடப்பதற்கு அப்படிக் கறாராக எதுவும் இல்லை.

செய்தி தடம் மாறுவதும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் ரஜோரியில் நடந்த தாக்குதலில் இறந்த மதுரை மாவட்டத்து ரைபிள்மேன் லட்சுமணனின் உடல் வந்த அன்று, விமான நிலையத்துக்கு வெளியே அமைச்சர் கார் மீது செருப்பு வீசப்பட்டது. அன்று மாலை விவாதமெல்லாம் செருப்பைப் பற்றித்தான். அந்தப் பையன் எங்கே, எப்படி இறந்தான் என்பது பின்னால் போய்விட்டது. ஊருக்கு ஊர் இது சிறிய அளவில் நடக்கிறது: காசோலை கொடுக்கிற படம், யார் முதலில் மாலை வைத்தது என்கிற சண்டை. நிவாரணத் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டால், மறுவாரமே அந்த வீட்டுக்குக் கடன் கேட்டு ஆள் வரும், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே பேச்சு வரும்.

எனவே சின்னையா போட்ட கோடு நல்ல கோடு. சாலை, மைதானம், அணிவகுப்பு, வானத்தை நோக்கிச் சுடும் மூன்று சுற்று, இவையெல்லாம் பொது. வீடு பொது இல்லை. ஆனால் கொடி கொடுத்தது மைதானத்தில். அங்கே சின்னையாவின் இரண்டாவது பேச்சுக்காக, அந்தப் பெண்ணின் முகத்துக்காக, கேமரா இறங்கியது.

அமெரிக்காவில் இதே பிரச்சினை வேறு விதமாக வந்தது. 1991 வளைகுடாப் போரின்போது, டெலவேர் மாநிலத்து டோவர் விமானப்படைத் தளத்தில் வந்திறங்கும் பெட்டிகளைப் படமெடுக்கத் தடை போட்டார்கள். குடும்பங்களின் துயரத்தைக் காக்க என்றது அரசு. போரின் விலையை மறைக்க என்றார்கள் எதிர்த்தவர்கள். 2009-இல் தடையை நீக்கி, முடிவைக் குடும்பத்தின் கையில் கொடுத்தார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நம் ஊரில் குடும்பம் என்றால் திண்ணையில் நிற்கிற பங்காளிகள், கோடி கொண்டுவருகிற பிறந்த வீடு, உள்ளே சுருண்டு கிடக்கிற தாய், அவளுக்குப் பக்கத்தில் இருபத்துச் சொச்சம் வயதில் மனைவி. ராணுவ ஆவணத்தில் வாரிசாக இருக்கிற பெண்தான் திண்ணையில் பேசாத ஒரே ஆள்.

எடுத்துவைத்துவிட்டு ஒளிபரப்பாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். தோளில் மாட்டுகிற லைவ் பேக்பேக்கில் எடுப்பது எடுக்கும்போதே சென்னைக்குப் போய்விடுகிறது. அங்கே வெட்டி, சோக இசை சேர்த்து, அழுகிற ஐந்து விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பகுதி நிருபர் அதைத் தடுக்க முடியாது. எடுக்காமல் இருப்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அதனால்தான் அன்று செய்தது சரி என்கிறேன். அப்படிச் சொல்லும்போதே, தன் கணவனின் கொடியைத் தான் வாங்கியதைப் பார்க்க வழியில்லாமல் இருக்கிற பெண்ணுக்கு இந்த நியாயம் எந்த வகையில் உதவும் என்றும் தோன்றுகிறது.

ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவரைக் குடும்பமே வைத்து எடுத்து, மெமரி கார்டைக் குடும்பத்திடமே கொடுத்துவிடலாம். எழவு வீட்டுக்கு வீடியோ எடுப்பது நம் பக்கம் புதிதில்லை. அந்த அமளியில் அதை யார் ஞாபகப்படுத்துவது, கார்டு யார் பாக்கெட்டுக்குள் போகும், மறுநாள் வாட்ஸ்அப்பில் வராதா என்பதற்குப் பதில் இல்லை. உடல் வந்து சேர ஒன்றிரண்டு நாளாவது ஆகிறது. 2016 சியாச்சின் பனிச்சரிவில் இறந்தவர்களுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் ஊர் நர்ஸோ, பெண் விஏஓவோ உள்ளே போய் மனைவியிடம் தனியாகக் கேட்கலாம். அன்று அவர் வேண்டாம் என்று சொல்லி, முப்பது கழிந்து வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது என்பது அப்போதும் மிச்சம் இருக்கும்.