மருத்துவச்சி வேண்டும் என்றேன், ‘ஹை ரிஸ்க்’ என்றார்கள்

இரண்டாவது முறை கருவுற்றிருந்தபோது, 14-வது வாரத்தில் என் மருத்துவக் கோப்பின் மேலட்டையில் ‘ஹை ரிஸ்க்’ (ஆபத்து மிகுந்தது) என்று சொல்லும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டப்பட்டது. ஒட்டியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓரம் சரியாக ஒட்டாமல் தூக்கி நின்றதால் கட்டைவிரலால் இருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். மருத்துவச்சிகளே பொறுப்பேற்று நடத்தும் பிரசவப் பிரிவில் சேர்த்துக்கொள்ளும்படி பத்தாவது வாரத்திலேயே நான் கேட்டு எழுதிக்கொடுத்திருந்தது அந்தத் தேய்ப்போடு முடிந்துபோனது.

காரணம் எனக்குத் தெரியாததன்று. முதல் பேறுகாலத்தில் 35-வது வாரத்தில் என் இரத்த அழுத்தம் 160/110-ஐத் தாண்டியது. பேச்சு வழக்கில் உப்பு என்று சொல்லும் புரதம் சிறுநீரில் இறங்கியது. தலை பிளக்க, கண்முன்னே பூச்சி பறந்தது. முன்சூல்வலிப்பு என்று நூல்களிலும் பிரீஎக்லாம்ப்சியா என்று மருத்துவமனைகளிலும் சொல்லப்படும் அந்த நோய்க்கு, குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதைத் தவிர உறுதியான மருந்து இல்லை என்பதால், மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். குழந்தையும் நானும் பிழைத்தோம். அதற்கான நன்றி எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த 19 மணி நேரத்தில் என்னைத் தொட்டுப் பரிசோதித்தவர்கள் 11 பேர். அவர்களில் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டவர்கள் இருவர். ஒவ்வொருவரும் வந்து கேட்ட முதல் கேள்வி, “இது எத்தனையாவது குழந்தை?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்னொரு முறை 11 பேருக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது என்ற எண்ணத்திலிருந்துதான் மருத்துவச்சி வேண்டும் என்ற விருப்பமே முளைத்தது.

மருத்துவச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு, பயிற்சியில்லாமல் கைப்பழக்கத்தால் பிள்ளைப்பேறு பார்த்த முதிய பெண்ணின் உருவம் மட்டுமே மனத்தில் எழுகிறது. அந்த மூதாட்டிகளின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே நான் பேசுவது முறையாகப் படித்து, பதிவு பெற்று, இயல்பான பிரசவத்தைத் தாமே நடத்தவும் இயல்பு தவறும் நொடியை அறிந்து மருத்துவரை அழைக்கவும் பயிற்சி பெற்றவர்களைப் பற்றி. அவர்கள் நடத்தும் பிரிவுகளில் சேர்வதற்குப் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: பேறுகாலம் சிக்கல் குறைந்ததாக இருக்க வேண்டும். சிசேரியன் தழும்பு, சர்க்கரை, இரட்டைக் கரு, முன்பு வந்த முன்சூல்வலிப்பு இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் கதவு சாத்தப்படுகிறது.

மறுப்பு வந்த முதல் சில வாரங்களை நான் நல்ல விதமாகக் கழித்ததாகச் சொல்ல முடியாது. “நீ பிழைச்சு வந்ததே பெரிசு, இதுல இதுவேறயா?” என்று அம்மா கேட்டார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் போதாதா என்று கேட்ட மற்றவர்களும் என்மேல் அன்பு கொண்டவர்களே. அந்தக் கேள்விக்கு மறுப்பும் சொல்ல முடியாது, ஆமாம் என்று சொல்லி அழுகையை விழுங்கவும் முடியாது. இழந்தது ஒரு அறையையா, ஒரு ஆளையா, ஒரு கற்பனையையா என்று எனக்கே தெளிவில்லாமல் இருந்ததால், அதற்காக வருந்துவதே ஒரு சொகுசு என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. இரவில் தூக்கம் வராமல் ஆய்வறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். மனம் ஆறுவதற்காக என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் மருத்துவரை வாதத்தில் வெல்ல வேண்டும் என்பதற்காகத்தான் படித்தேன்.

அப்படிப் படித்தபோது முதலில் தோற்றது என் வாதம்தான். மருத்துவச்சிப் பிரிவுகளில் சிசேரியனும் ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைவு என்பதற்கு நான் கையில் வைத்திருந்த பெரிய சான்று, இங்கிலாந்தில் 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு. அதன் முடிவுகளை மனப்பாடமாகச் சொல்லும் நிலையில் இருந்தேன். ஒரு நள்ளிரவில் அதன் செய்முறைப் பகுதியை நிதானமாகப் படித்தபோதுதான், அந்த ஒப்பீடு சிக்கல் குறைந்த பெண்களைப் பற்றியது மட்டுமே என்பது கண்ணில் பட்டது. என்னைப் போன்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு எடுத்த கணக்கை, எனக்குச் சாதகமான சாட்சியாக நான் சுமந்துகொண்டிருந்தேன்.

ஆனால் படிப்பை அத்துடன் நிறுத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. ஆஸ்திரேலியாவில் இரண்டு மருத்துவமனைகளில் 1,748 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு சோதனையில், சிக்கல் உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் சேர்த்திருந்தார்கள். அதில் ஒரு பாதிப் பெண்களுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை அறிமுகமான ஒரே மருத்துவச்சி. தேவைப்பட்டபோது மருத்துவரும் உடன் இருந்தார். மறுபாதிக்கு வழக்கமான பராமரிப்பு. சிசேரியன் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை, பாதுகாப்பும் குறையவில்லை, செலவு மட்டும் குறைந்தது. மருத்துவச்சியிடம் போனால் வெட்டுக்காயம் இருக்காது என்று நம்பியிருந்த எனக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் வேறொன்று புலப்பட்டது. சிக்கல் இருந்தால் மருத்துவர் உள்ளே வர வேண்டும். அதற்காக மருத்துவச்சி வெளியே போக வேண்டியதில்லை. என் கோப்பில் ஒட்டிய ஸ்டிக்கர் இந்த இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு தாளை எடுத்து, எனக்கு மறுக்கப்பட்டது சரியாக எதுவென்று பிரித்து எழுதினேன். பிரசவம் நடக்கும் இடம் ஒன்று. முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பது இன்னொன்று. ஒரே முகம் தொடர்ந்து வருவது மூன்றாவது. எழுந்து நடப்பது, தண்ணீர்த் தொட்டி, வெளிச்சம் குறைந்த அறை, தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் இருப்பது, குழந்தையை முதலில் என் நெஞ்சில் போடுவது என்று சிறு சிறு விருப்பங்கள் அதன் கீழே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரே கேள்வியை எழுதினேன்: என் இரத்த அழுத்தம் இதைத் தடுக்கிறதா?

அந்தத் தாளோடு 18-வது வாரத்தில் மருத்துவரைப் பார்க்கப் போனேன். இந்த முறை ஏன் மறுத்தீர்கள் என்று கேட்காமல், எதையெல்லாம் மறுக்கிறீர்கள் என்று கேட்டேன். கேள்வி மாறியதும் அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 34-க்கும் 37-க்கும் இடைப்பட்ட வாரங்களில் முன்சூல்வலிப்பால் குழந்தை பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அடுத்த முறையும் அது வருகிறது என்றார். மற்ற மூவருக்கு வருவதில்லையே என்று என் மனம் உடனே கணக்குப் போட்டது. அதை அவர் என் முகத்திலிருந்தே படித்திருக்க வேண்டும். “அந்த நான்காவது ஆள் நீங்கள் இல்லை என்பது முன்கூட்டித் தெரிந்தால் நானே உங்களை அந்தப் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன்” என்றார். இந்த நோய் சில மணி நேரத்தில் முற்றக்கூடியது, வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றுவதற்கும் அறுவை அரங்கைத் திறப்பதற்கும் ஆகும் நிமிடங்களை அந்தப் பிரிவிலிருந்து இங்கே வரும் வண்டியில் கழிக்க முடியாது என்று அவர் விளக்கியபோது, இடத்தைப் பற்றிய என் வழக்கை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் சொன்னது சரி என்று அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. முதல் சந்திப்பிலேயே இந்த ஐந்து நிமிடத்தை அவர் ஒதுக்கியிருந்தால் என் ஒரு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மற்றவற்றில் பலவும் கிடைத்தன. கருவின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருந்தாலும், துடிப்பைப் பதிவுசெய்யும் கம்பியில்லாத சிடிஜி பெல்ட் இருந்ததால் படுத்தே கிடக்கத் தேவையில்லை. தாயும் சேயும் நன்றாக இருந்தால் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியைக் கவ்வியிட்டு வெட்டுவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது என்பதால் அதற்கு வாதமே எழவில்லை. தண்ணீர்த் தொட்டி கிடையாது என்றார், விட்டுவிட்டேன். நான் உண்மையில் கேட்க வந்தது கடைசி வரியில் இருந்தது: மருத்துவர் பார்க்கும் நாட்களுக்கு இடையே வரும் பரிசோதனைகளை ஒரே மருத்துவச்சி செய்ய முடியுமா? முடியும் என்றார். வலி வரும் நாளில் அவரே பணியில் இருப்பார் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

அந்த மருத்துவச்சி அதிகம் பேசாதவர். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றுவதற்கு முன்னால் என்னை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைப்பார். முதுகு சாய்ந்திருக்கிறதா, கால் தரையில் பதிந்திருக்கிறதா, பட்டை என் கைக்குச் சரியான அளவா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார். பேசிக்கொண்டே காட்டினால் அளவு கூடிவிடும் என்பதை அவரிடம்தான் கற்றேன். முதல் பேறுகாலத்தில் படியேறி மூச்சு வாங்கும்போதே கையை நீட்டச் சொன்னவர்களை நினைத்துக்கொள்வேன். மூன்றாவது சந்திப்பில் முதல் பிரசவத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். 11 பேர் என்று நான் சொன்னபோது அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டார். அதை நோயின் வரலாற்றோடு சேர்த்து எழுதத் தகுந்த ஒன்றாக அதுவரை யாரும் கருதியதில்லை.

அவர் இல்லாத நாளுக்கான ஏற்பாட்டையும் அவரே தொடங்கிவைத்தார். பிரசவ வலியின்போது ஒருவர் விடாமல் கூடவே இருந்து துணை நின்றால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் குறைகிறது என்பது 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மதிப்பாய்வின் முடிவு. அந்தத் துணை மருத்துவம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என் தங்கையைக் கூட்டிவரச் சொல்லி, இடுப்பில் எங்கே எப்படி அழுத்த வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார்.

நான்கில் அந்த ஒருவர் நான்தான். 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிட்டும் 36-வது வாரத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கியது. 37-வது வாரத்தில் வலி வரவழைக்க முடிவானது. ஆனாலும் சென்ற முறையைவிட ஒரு வாரம் தாமதமாகவும் மிக லேசாகவும் வந்ததையே நான் பெரிதாக எண்ணினேன். அன்று என் மருத்துவச்சிக்கு விடுமுறை. இரவுப் பணியில் இருந்தவர் முன்பின் தெரியாதவர். அவர் உள்ளே வந்ததும் என் வயிறு இறுகியது வலியால் மட்டுமன்று. அவர் கோப்பைத் திறந்து, மற்றவர் கைப்பட எழுதிவைத்திருந்த ஒரு பக்கத்தை நின்றபடியே படித்து முடித்தார். பிறகு தம் பெயரைச் சொன்னார். “எத்தனையாவது குழந்தை என்று நான் கேட்கப்போவதில்லை” என்றார்.

பெல்ட் நழுவிக்கொண்டே இருந்தது. குனிந்தாலும் நடந்தாலும் துடிப்பின் ஓசை அறுந்து, கருவி கீச்சிட்டது. படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் படுத்திருப்பேன், எதிர்த்துப் பேசும் தெம்பு அப்போது இல்லை. அவர் வட்டமான அந்தக் கருவியைப் பெல்ட்டுக்கு வெளியே எடுத்துத் தம் உள்ளங்கையால் என் அடிவயிற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் அசைய, தங்கை பின்னால் இடுப்பை அழுத்த, அவர் பக்கவாட்டில் குனிந்தபடியே என்னுடன் நகர்ந்தார். ஏறத்தாழ 40 நிமிடம் அப்படிப் போயிற்று. இடையில் மருத்துவர் இரண்டு முறை வந்து அழுத்தத்தின் அளவைப் பார்த்துவிட்டு, மருந்தை மாற்றிச் சொல்லிவிட்டு, எங்களைக் கடந்து கதவோரமாகவே போனார்.

பிரசவத்திற்குப் பிந்தைய மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் இரத்த அழுத்தம் மீண்டும் ஏறக்கூடும் என்பதால், நான்காம் நாள் காலையில் என் மருத்துவச்சி வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் நேராகத் தொட்டில் பக்கம்தான் போயிருந்தார்கள். அவர் என்னை உட்காரச் சொல்லி, ஐந்து நிமிடம் காத்திருந்து, பட்டையைச் சுற்றினார். 152/98. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்காக மருத்துவரிடம் தாமே தொலைபேசியில் பேசி முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, “இப்போது கொடுங்கள்” என்று குழந்தையை வாங்கிக்கொண்டார்.