ஆட்டோபைலட் பம்பை இரண்டு முறை கழற்றிய அனுபவம்

மலேசியாவின் லங்காவியிலிருந்து பினாங்குக்குக் கடல்வழியில் ஏறக்குறைய 60 கடல் மைல். எங்கள் பழைய பாய்மரப் படகு 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போனால் 12 மணி நேரம் ஆகும். போன ஜனவரியில் பாதி வழியிலேயே, ஆள் பிடிக்காமலே சுக்கானைத் திருப்பும் ஆட்டோபைலட் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பம்பு முனகும், சுக்கான் அரைமனதாகத் திரும்பும், அப்புறம் திரையில் எச்சரிக்கை வந்து தானாகவே நின்றுவிடும். மீதி ஆறு மணி நேரம் நானும் மனைவியும் மாற்றி மாற்றிச் சக்கரத்தைப் பிடித்தோம். இருட்டில் மீன்வலைகளுக்குக் கண் வைத்துக்கொண்டு சக்கரத்தையும் விடாமல் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத் தெரிந்தது.

கரைக்கு வந்து விசாரித்தால் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இருபது வருஷப் பம்பு, முழுசாக மாற்றிவிடுங்கள். புதியதற்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் ஆகும். ஆனால் அந்தப் பம்பில் அப்படி என்னதான் இருக்கிறது? 12 வோல்ட் மோட்டார் ஒன்று, அதன் முனையில், சுக்கானைத் திருப்பும் சிலிண்டருக்கு எண்ணெயைத் தள்ளும் சின்னப் பம்பு ஒன்று, எண்ணெய் திரும்பி ஓடாமல் பிடித்து வைக்கிற வால்வுகள். மோட்டாருக்குப் போகும் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும், சுக்கானும் எதிர்ப்பக்கம் திரும்பும். அவ்வளவுதான்.

முதலில் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் அதே முனகல், அதனால் கோளாறு மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் இல்லை என்பது உறுதியானது. வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 14 ஆம்பியர் காட்டியது, நன்றாக இருந்த காலத்தில் 5, 6 தாண்டாது. மோட்டார் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புச் சேறு. சுற்றும் பாகத்துக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் ஒன்று அதன் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. பிரஷ் உரசும் உருளையான கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள காடி முழுக்க அதே சேறு அடைத்திருந்தது. பட்டைக்குப் பட்டை மின்சாரம் கசிந்தால் மோட்டாருக்கு எங்கிருந்து பலம் வரும்? எல்லாவற்றையும் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்த்தேன். எமரி தாளைத் தொடாதீர்கள், அதன் துகள் காடியில் தங்கினால் அதுவே கோளாறாகிவிடும். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் பார்க்கும் ஒரு பட்டறையில் புது பிரஷ் கிடைத்தது, அளவுக்குத் தேய்த்துப் போட்டேன். பம்பு புதுசு மாதிரி ஓடியது.

ஒரே மாதத்தில் மறுபடியும் முனகல்.

திரும்ப அதே பட்டறைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் மூடியைத் திறந்து, அந்தக் கறுப்பை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். "தம்பி, பிரஷ் தூள் காய்ஞ்சு உதிரணும். இது வழுக்குது பாரு. எண்ணெய் வருது" என்றார். நான் கவனிக்காமல் விட்டது அதைத்தான். ஷாஃப்டை (சுழலும் தண்டை) சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, பம்பு எண்ணெய் மோட்டாருக்குள் கசிந்துகொண்டிருந்தது. முதல் தடவை நான் அழுக்கைத்தான் துடைத்திருக்கிறேன், அது வந்த வழியை அடைக்கவில்லை.

அடுத்த வாரம், படகு மரீனாவில் (படகுத்துறையில்) கட்டியிருக்கும்போது, இரண்டு ஹோஸையும் கழற்றி முனைகளை அடைத்துவிட்டு முழுப் பம்பையும் வெளியே எடுத்தேன். பிரிப்பதற்கு முன் மோட்டார் உடம்பிலும் மூடியிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள், வாஷர்கள் இருக்கும் வரிசையைப் போட்டோ எடுங்கள். சீலின் முதுகிலேயே உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் அச்சிட்டிருக்கும். அதை எந்தப் பேரிங் கடையில் காட்டினாலும் எடுத்துக் கொடுப்பார்கள், எனக்குச் சில ரிங்கிட்தான் ஆனது. ஷாஃப்டில் நகத்தை ஓட்டியபோது பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. அதனால் புதுசை அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தேன், உதடு வழவழப்பான இடத்தில் படட்டும் என்று. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்கவேண்டும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையங்களையும் அப்போதே மாற்றிவிட்டேன்.

அதிக நேரம் தின்றது, திரும்ப மாட்டியபின் எண்ணெய்க் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான். மனைவி சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிதானமாகத் திருப்ப, நான் சிலிண்டர் பக்கம் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டிக் குமிழி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எண்ணெய் குறையக் குறைய ஊற்றவேண்டும், தவறினால் காற்று புகுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். இன்னொன்று: பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். உங்கள் ஸ்டியரிங்குக்குச் சொல்லியிருக்கும் ஹைட்ராலிக் எண்ணெயே போதும்.

சரி, இப்போது ஓட்டினால் 5 ஆம்பியர். பம்புக்கு அடியில் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை மடித்து வைத்துவிட்டு, போன மாதம் பினாங்கு போய்த் திரும்பினோம். வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.