சர்ஜரியிலிருந்து அனஸ்தீசியாவுக்கு

சர்ஜரி ரெசிடென்சியை, அதாவது அறுவை சிகிச்சை நிபுணர் பயிற்சியை, பாதியில் விட்டேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டியூட்டி தாங்க முடியலையா?" தாங்க முடிந்தது. நான் மாறிய அனஸ்தீசியாவிலும் (மயக்க மருத்துவம்) நைட் டியூட்டி உண்டு, நடுராத்திரி அவசர சிசேரியன் உண்டு, தூக்கத்துக்காக இங்கே வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

என் விஷயம் வேறு. லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு, பித்தப்பை எடுக்கும்போது ஜூனியர் கையில்தான் கேமரா இருக்கும். கண் திரையில் இருந்தாலும் என் காது மட்டும் துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் அனஸ்தீசியா டாக்டரிடம் உள்ள மானிட்டரிலேயே கிடக்கும். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றும்போது உள்சவ்வு இழுபட்டு, வேகஸ் நரம்பு வழியாகச் சில நேரம் இதயத்துடிப்பு சட்டென்று குறையும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் பல்ஸ் ஆக்சிமீட்டரின் 'பீப்' சுருதியும் கூடவே இறங்கும். "வாயு ஏத்துறதை நிறுத்துங்க" என்று மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல் வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிடும், அதில் ஒரு தனி சந்தோஷம். நான் போட்ட தையல் கச்சிதமாக அமைந்த நாளில்கூட அது வந்ததில்லை.

மாற நினைக்கிறவர்கள் முதலில் லீவு போட்டு நன்றாகத் தூங்குங்கள். திரும்பி வந்து ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போது, கத்தி நம் கைக்கு வராதா என்று பரபரத்தால் தயவுசெய்து சர்ஜரியிலேயே இருங்கள்.

அப்புறம் கணக்கு. அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரி 5 வருடம், அனஸ்தீசியா, இன்டர்ன் வருடம் எனும் முதல் வருடத்தையும் சேர்த்து 4. சர்ஜரியில் செய்த இன்டர்ன் வருடத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், ஆகவே 2 வருடம் முடித்துவிட்டு மாறினாலும் மொத்தம் 5தான். இதில் பலர் கவனிக்காத ஒன்று: ரெசிடென்ட் பயிற்சிக்காக மெடிகேர் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) மருத்துவமனைக்கு நேரடியாகத் தரும் தொகை, முதலில் சேர்ந்த துறையின் கால அளவு வரைதான் முழுசாக வரும், அதற்குப் பிறகு பாதி. சர்ஜரியில் தொடங்கியவருக்கு அந்த 5 வருடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 3 வருடத் துறையில் தொடங்கி மாறுகிறவர்களைவிட நமக்கு இது எவ்வளவோ மேல்.

ரகசியமாக மாறிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். புதிய இடத்தில் இப்போதைய புரோகிராம் டைரக்டரின் (பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டர்) கடிதத்தைக் கண்டிப்பாகக் கேட்பார்கள், அதனால் காரிடார் பேச்சாக அவர் காதுக்குப் போவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. நான் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த மாச டியூட்டிக்கு யார்?" கடிதம் அதற்கப்புறம் வந்தது, நன்றாகவே எழுதியிருந்தார்.