ஓடாத காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும்

கடந்த ஓராண்டில் என் கார் ஓடியது 3,000 கிலோமீட்டருக்கும் குறைவு. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலை மாற்றினால் போதும் என்று கையேட்டில் படித்த நினைவு இருந்ததால், இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் செலவு இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். குளிர்காலக் காலை ஒன்றில் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் தற்செயலாகத் திருகித் திறந்தபோது, அதன் உட்புறம் முழுவதும் வெண்ணெய் பூசியதைப் போல வெளிர்மஞ்சள் படலம் ஒட்டியிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்து ஆயிலில் கலந்துவிட்டதோ என்று பதறிப்போய்ப் பார்த்தால், கூலன்டின் அளவு சற்றும் குறைந்திருக்கவில்லை.

காரணம் நான் ஓட்டிய விதம்தான். பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்ததும் நீராகி ஆயிலில் கலக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். நானோ, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆயில் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவேன். ஈரமும், எரியாமல் இறங்கும் சிறிது பெட்ரோலும் அங்கேயே தங்கி ஆயிலை நீர்க்கச் செய்கின்றன. எரிதலில் உண்டாகும் அமிலங்களை முறிக்க ஆயிலில் சேர்க்கப்பட்டிருக்கும் வேதிப்பொருள்களும் மெல்லத் தீர்ந்துபோகின்றன.

கையேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, நான் பாதியில் விட்ட வரியின் மீதி கண்ணில் பட்டது: ‘அல்லது 12 மாதங்கள், எது முந்தியதோ அது’. கடினமான பயன்பாட்டுக்கு இதைவிடக் குறைந்த இடைவெளி என்று தனியாக ஓர் அட்டவணையும் இருந்தது. கடினமான பயன்பாடு என்றதும் மலையேற்றமும் பாரம் இழுப்பதும் நினைவுக்கு வரலாம். ஆனால் குறுந்தொலைவுப் பயணம், நெரிசலில் ஊர்ந்து செல்வது, புழுதிச் சாலை ஆகியவையும் அதில் அடக்கம். நகரத்தில் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தம்மை அறியாமலே இந்த அட்டவணைக்குள் வந்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டரைக் கடக்க எஞ்சின் 500 மணி நேரம் உழைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 125 மணி நேரம் போதும். ஓடிய தொலைவை மட்டும் எண்ணும் ஓடோமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆயில் கறுத்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. கறுப்பு நிறத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. கரித்துகள்களை ஓரிடத்தில் படியவிடாமல் தனக்குள் ஏந்திக்கொள்வது ஆயிலின் வேலைகளுள் ஒன்று என்பதால், டீசல் எஞ்சினில் புது ஆயில்கூட வெகு விரைவில் கறுத்துவிடும். ஆயிலில் தோய்த்துப் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, குச்சியைத் துடைத்து மீண்டும் முழுவதும் செருகி எடுக்க வேண்டும். அளவு குறைந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. ஊற்றாமலே கூடியிருந்தால் எரிபொருளோ கூலன்டோ கலக்கிறது, அதை இன்னும் கவலையோடு கவனிக்க வேண்டும்.

செயற்கையாகத் தயாரிக்கப்படும் சிந்தெட்டிக் ஆயில் வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்குள்ளும் ஈரம் கலக்கத்தான் செய்யும். ஆகவே எந்த ஆயிலாக இருந்தாலும், கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஃபில்டரோடு சேர்த்து மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் முன்பு கிலோமீட்டரை மட்டும் எழுதிவைப்பேன். இந்த முறை அதற்கு மேலே தேதியையும் பெரிதாக எழுதியிருக்கிறேன்.