கொல்லிமலையில் ஒரு மாலை வகுப்பு: எங்கள் சபை நடந்த வழி

எங்கள் சபையின் மிஷன் கமிட்டிக்கு நான் செயலாளர். நாமக்கல் மாவட்டத்தில், மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிற சின்ன சபை. ஞாயிறு ஆராதனைக்கு எழுபது எண்பது பேர் வருவோம். 2022 தொடக்கத்தில், கொல்லிமலையில் ஒரு சிற்றூர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நிற்பது என்று தீர்மானம் போட்டோம். அது எப்படி நடந்தது, எங்கே தடுமாறினோம், எந்தக் காகிதத்துக்கு எங்கே போனோம் என்பதை எழுதுகிறேன். இதே பாரத்தோடு இருக்கிற சபைகளுக்கு உதவட்டும்.

கொல்லிமலை என்றாலே எங்கள் பெரியவர்களுக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டு. ஆங்கிலேய மிஷனெரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913-ல் திருமணமானதும் அந்த மலைக்கு ஏறிப் போனவர்கள். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். 1929-ல் மலேரியாவை ஒட்டி வந்த கடுங்காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். ஈவ்லினுக்கு மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் எழுபதை நெருங்கிய வயதில் திரும்ப மலையேறி, 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை இந்தப் பக்கத்து மலைகளிலேயே ஊழியம் செய்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் அவர்களுடைய மகன். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, மலைக்குப் போய் ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தர வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் கேள்வியே இல்லாத விஷயமாக இருந்தது.

முதல் பயணத்திலேயே ஒரு கொத்தனாரையும் அளவு டேப்பையும் கூட்டிக்கொண்டு போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்குப் பிறகு ஜீப்பில் கொஞ்ச தூரம், அப்புறம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கிற தோட்டங்களுக்கு நடுவே நடை. முப்பது வீடு இருக்கும். நாங்கள் டேப்பை விரித்து இடம் அளந்துகொண்டிருந்தபோது ஒரு இளம்பெண் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கட்டடம் இருக்குங்கண்ணா. கீழ நடந்தா அரை மணி நேரத்துல யூனியன் ஸ்கூல் இருக்கு, டீச்சரும் நல்லாச் சொல்லித் தர்றாங்க. நாலரைக்கு அவங்க பஸ்ஸைப் பிடிக்கணும். அதுக்கப்புறம் பிள்ளைங்களை உட்கார வச்சுப் படிக்க வைக்கத்தான் ஆள் இல்லை.”

அன்றைக்கே அந்தச் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கொத்தனாரின் மதிப்பீட்டோடு இறங்கி வந்து, பணத்துக்கு என்ன வழி என்று பேச ஆரம்பித்தோம்.

சபைக் குடும்பம் ஒன்றின் உறவினர் கனடாவில் இருக்கிறார். அவர் போகிற சபை, வகுப்பறைக்கான முழுச் செலவையும் தருகிறோம் என்றது. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நல்லவேளை, பணம் வருவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் போனேன். எங்கள் டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கிடையாது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அந்தப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் பதினைந்து லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவு செய்திருக்க வேண்டும். நாங்கள் அதில் பாதிகூடத் தொட்டதில்லை. சரி, பதிவு இருக்கிற பெரிய அமைப்பு ஒன்று வாங்கி எங்களுக்கு மாற்றித் தரட்டுமே என்று கேட்டேன். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதுவும் முடியாது. பதிவு பெற்றவர்களே டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பணத்தை வாங்க வேண்டும், அதை வேறு அமைப்புக்கு மாற்றவும் கூடாது.

இதில் பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால் ஆகும். எங்கள் கனடா அண்ணன் குடியுரிமை மாறியவர். அவர் தன் பையிலிருந்து ஆயிரம் ரூபாய் தருவதாக இருந்தாலும் டிரஸ்ட் வாங்க முடியாது. யார் பணம் அனுப்ப முன்வந்தாலும் முதலில் என்ன பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள். சங்கடப்படத் தேவையில்லை.

பள்ளி தொடங்குவது பற்றியும் ஆடிட்டரே எச்சரித்தார். கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். அந்த ஒற்றையடிப் பாதையில் தீயணைப்பு வண்டி எங்கே போகும்? அன்று இரவு கமிட்டியில் யாரும் அதிகம் பேசவில்லை. கடைசியில் எங்கள் போதகர் அம்மாதான் அந்த இளம்பெண் சொன்னதை நினைவுபடுத்தினார். “நாம கட்டடத்தைக் கேட்டு ஜெபிச்சோம், அவங்க ஆளைக் கேட்டாங்க.”

அப்புறம் வேலை சுருக்காக நடந்தது. பள்ளி அல்ல, மாலை வகுப்பு. ஐந்தரையிலிருந்து எட்டு வரை, ஊர்ப் பொதுத் திண்ணையில். ஆசிரியை அந்த இளம்பெண்ணேதான். அந்த ஊரில் பட்டம் படித்த முதல் பெண். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தன்னார்வலராக ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு மாதச் சம்பளம், பிள்ளைகளுக்கு நோட்டு, சோலார் விளக்கு இரண்டு, ஒரு கரும்பலகை. செலவு அவ்வளவுதான். பெண்கள் ஐக்கிய சங்கம் பிடியரிசி எடுத்து வைத்தது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே. மாதக் கடைசியில் சபையிலேயே ஏலம் விட்டுக் காசாக்கினோம். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கும் சேர்ந்தது. எங்கள் கைக்குள் அடங்குகிற தொகை என்பதால் ஒரு மாதம்கூட ஆசிரியைக்குச் சம்பளம் தள்ளிப் போகவில்லை.

ஊரின் நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. முதல் கூட்டத்தில் ஒரு தகப்பனார் நேராகவே கேட்டார்: “சர்ச்சுக்கு வந்தாத்தான் சொல்லித் தருவீங்களா?” இல்லை என்று சொல்லி, வகுப்பு நேரத்தில் பாடம் மட்டும்தான் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கமிட்டியில் சிலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. இயேசுவின் நாமத்தில் தருகிற எதற்கும் விலை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தகப்பனார் இன்னொன்றும் கேட்டார்: “பையன் நாளைக்கு வேதத்துக்குப் போயிட்டா சான்றிதழ் போயிருமா?” ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பழங்குடியினருக்கு அந்த நிபந்தனை இல்லை. மதம் எதுவானாலும் மலையாளிப் பழங்குடி (கேரளத்தார் அல்ல, இந்த மலை மக்களின் இனப் பெயர்) என்ற தகுதி அப்படியே இருக்கும். இதைச் சபைக்காரர்களே பலர் மாற்றிச் சொல்லிக் குழப்புகிறார்கள். தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

சான்றிதழ் என்றதும்தான் உண்மையான வேலை தொடங்கியது. ஐந்தாம் வகுப்பில் ஆறு பிள்ளைகள். மலையிலேயே செங்கரையில், பழங்குடிப் பிள்ளைகளுக்கான ‘ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி’ இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அதற்குப் பழங்குடிச் சான்று வேண்டும். ஆறு பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. மற்றச் சாதிச் சான்றுகளைப் போல இது தாசில்தாரோடு முடிவதில்லை. பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அறிக்கை, அப்புறம் கோட்டாட்சியர் விசாரணை. தந்தைவழி உறவில் யாரிடமாவது பழைய சான்று இருந்தால் வழி எளிது.

அவசரப்பட்டு ஐந்து விண்ணப்பத்தையும் ஒரே நாளில் நானே நிரப்பிப் போட்டேன். மூன்று திரும்பி வந்தன. தப்பு முழுக்க என்னுடையது. ஒரு அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி. ஒரு எழுத்துதானே என்று விட்டிருந்தேன். பிறகு ஆசிரியைதான் வீடு வீடாகப் போய், தகரப் பெட்டிகளில் இருந்த எல்லாக் காகிதத்தையும் திண்ணையில் பரப்பி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாளில் பெயர்களை வரிசையாக எழுதி ஒத்துப் பார்த்தார். முதலில் ஆதாரைத் திருத்தி, அதன்பிறகு மற்றதைத் திருத்தி, திரும்ப விண்ணப்பித்தோம். ஒரு பெரியப்பாவின் பழைய சான்று, மடித்த இடமெல்லாம் கிழிந்த நிலையில், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. இரண்டு பிள்ளைகளுக்கு அந்த ஒரு தாள்தான் வழி திறந்தது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பிறப்புச் சான்று இல்லை என்று தொடக்கப் பள்ளியில் சேர்க்காமல் இருக்கிற பிள்ளை யாராவது இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்கிறது.

இதற்கு நடுவே வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாலை நான் போயிருந்தபோது ஒரு சிறுமி கடன் வாங்கிக் கழிக்கிற கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பத்தாகப் பிரித்து வைக்க அவளிடம் இருந்தது காய்ந்த மிளகு. விளக்கு வெளிச்சத்தில் குனிந்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினாள். விடை சரியாக வந்ததும் ஒரு மிளகு குறையாமல் பொறுக்கித் துணியில் முடிந்துகொண்டாள். “எண்ணிட்டுத் திருப்பிக் குடுக்கணும்னு அம்மா சொல்லிருக்கு சார்” என்றாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் நாட்களில் பெரிய பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை. அவர்களைத் திட்ட வேண்டாம் என்று ஆசிரியை முதலிலேயே எங்களிடம் சொல்லிவிட்டார். அந்த வாரங்களில் வகுப்பை ஏழு மணிக்குத் தள்ளி வைத்தார்.

ஆறு பேரில் ஐந்து பேருக்குச் சான்று கையில் இருந்தது, ஐந்து பேரும் தேர்வு எழுதினார்கள். இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. ஒருத்தி அந்த மிளகுக் கணக்குப் பெண். மற்ற மூன்று பேரையும், சான்று வராத ஒரு பையனையும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தோம். அந்தப் பையனின் விண்ணப்பம் மூன்றாம் முறை போயிருக்கிறது. அவன் அப்பாவின் அண்ணனைத் தேடி அடுத்த சனிக்கிழமை வளப்பூர்நாட்டுக்குப் போகிறோம். அவரிடம் ஒரு பழைய சான்று இருப்பதாக ஆசிரியை விசாரித்து வைத்திருக்கிறார்.