பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி: முதலில் போர்டு, அப்புறம்தான் கடை

"பழைய கம்ப்யூட்டருக்கு எந்த எஸ்எஸ்டி நல்லது?" என்று யார் கேட்டாலும், "உள்ளே என்ன மதர்போர்டு இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் டிஸ்க்; மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை. புது கம்ப்யூட்டராக இருந்தால் கையில் இருக்கும் காசைப் பார்த்து ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பெட்டிக்கு அப்படி முடியாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்பது அந்த போர்டிலேயே முடிவாகி இருக்கிறது.

இந்த முறை நான் உட்கார்ந்து சரிசெய்தது கும்பகோணத்தில் எங்கள் தெருவில் டிடிபி கடை நடத்தும் அக்காவின் கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், டியூஷன் சென்டர் வினாத்தாள் என்று எல்லாம் அதில்தான் நடக்கிறது. இன்டெல் ஐ3-3220 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்துவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முகூர்த்த மாதத்தில் வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஒரு ஃபைல் திறக்கக் காத்திருப்பது எவ்வளவு சங்கடம் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

"தம்பி, புதுசே வாங்கிடலாமா? ஆனா என் பேஜ்மேக்கரும் ஃபான்ட்டும் இதே மாதிரி இருக்கணும். அது இல்லேன்னா எனக்குக் கையே ஓடாது" என்றார். பேஜ்மேக்கர் என்பது பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள். அதோடு யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அதற்கென்ற விசைப்பலகை மென்பொருள், பல வருடமாகச் சேர்த்த பார்டர், பிள்ளையார் படங்கள். எல்லாவற்றையும் புதிதாக நிறுவினால் எது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. அதனால் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

கடைக்குப் போவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசர் சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. இதைப் பார்க்காமல் எஸ்எஸ்டி வாங்கக் கூடாது. தாமதம் வேறு இடத்தில் இருந்தால் காசு வீண். அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்) சில இருந்தன. அதைக் கண்டதும் முதல் வேலையாக அக்காவின் ஃபைல்களை ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுத்து வைத்தோம். மற்றதெல்லாம் அப்புறம்.

பிறகு கேபினெட்டைத் திறந்து தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பார்த்தால் எச்61 சிப்செட் போர்டு. போர்டில் எந்த வகை இணைப்புகள் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சிப்செட்தான். மதர்போர்டின் மாடல் பெயர் பொதுவாக போர்டின் மேலேயே பெரிதாக அச்சாகி இருக்கும். திறக்க முடியாதவர்கள் சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு என்ற பக்கத்தைப் பார்த்தாலும் தெரியும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதன் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

எச்61-ல் இருப்பவை நான்கு சாட்டா போர்ட்டுகள், அதாவது டிஸ்கைக் கேபிளால் இணைக்கும் முனைகள். நான்குமே சாட்டா 2, அதாவது விநாடிக்கு 3 ஜிகாபிட். எம்.2 ஸ்லாட் கிடையாது. இன்டெல் போர்டுகளில் எம்.2 பரவலாக வரத் தொடங்கியதே 2014-ல் வந்த எச்97, இசட்97 காலத்தில்தான். ஆகவே சூயிங்கம் பட்டை போல நீளமாக இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டிகளுக்கு இங்கே இடமே இல்லை.

கடையில் விசாரித்தபோது, "பிசிஐஇ கார்டு ஒன்று போட்டு என்விஎம்இ மாட்டிடலாம் சார், 3500 ஸ்பீடு" என்றார்கள். பிசிஐஇ என்பது போர்டில் கூடுதல் கார்டு செருகும் இடம்; என்விஎம்இ என்பது சாட்டாவை விட வேகமான எஸ்எஸ்டி வகை. கார்டு கிடைப்பது உண்மை, மாட்டினால் விண்டோஸ் அதை ஒரு டிரைவாகக் காட்டும் என்பதும் உண்மை. ஆனால் அதிலிருந்து கம்ப்யூட்டர் பூட் ஆக, அதாவது விண்டோஸ் எழ வேண்டுமென்றால், போர்டின் பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளுக்கு) என்விஎம்இ என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து பயாஸில் அது இல்லை. பயாஸையே மாற்றி எழுதிச் சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்கு ஓடும் கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொரு குழப்பமும் உண்டு: எம்.2 வடிவத்தில் இருப்பதெல்லாம் என்விஎம்இ அல்ல, சாட்டா எம்.2-வும் இருக்கிறது. முனையில் வெட்டு இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து வாங்காமல் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். நமக்குத் தேவை 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. லேப்டாப் டிஸ்க் அளவில் தட்டையாக இருக்குமே, அதுதான்.

"சாட்டா 3 எஸ்எஸ்டியைச் சாட்டா 2 போர்ட்டில் மாட்டினால் பாதி வேகம்தானே, அப்புறம் எதற்கு?" என்று பலர் தயங்கி நிற்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாட்டலாம், தாராளமாக வேலை செய்யும். பெட்டியில் விநாடிக்கு 560 எம்பி என்று போட்டிருப்பது கிடைக்காது. 270, 280 எம்பியோடு நின்றுவிடும். ஆனால் அந்த எண், ஒரே பெரிய ஃபைலை நேர்கோட்டில் படிக்கும் வேகம். விண்டோஸ் எழும்போதும் பேஜ்மேக்கர் திறக்கும்போதும் நடப்பது வேறு. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகள் டிஸ்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு துண்டுக்கும் படிக்கும் தலை நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். 7200 ஆர்பிஎம் டிஸ்கில் விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் அப்படித் தாவுவதே கஷ்டம். எஸ்எஸ்டியில் நகர்வதற்கு எதுவும் இல்லை. அதே விநாடியில் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துவிடும். நாம் உணரும் சுறுசுறுப்பு இங்கேதான் இருக்கிறது. இந்தச் சிறு துண்டு வேலை சாட்டா 2-ன் எல்லையைத் தொடுவதே அபூர்வம். அதனால் பழைய போர்டு என்பதற்காக எஸ்எஸ்டியைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேக எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பதிலும் அர்த்தமில்லை. அந்தக் காசை வேறு இடத்தில் வைக்கலாம்.

எங்கே என்றால், முதலில் டிராம். சில எஸ்எஸ்டிகளில் எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ள தனி டிராம் சிப் (தற்காலிக நினைவகம்) இருக்கும். விலை குறைந்தவற்றில் இருக்காது. நாள் முழுக்கத் திறந்து மூடி எழுதிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டரில், டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த வித்தியாசம் தெரியவரும். இரண்டாவது, உள்ளே தகவலைச் சேமிக்கும் செல்லின் வகை. டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) என்றால் சரி. க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட்) என்றால் பெரிய ஃபைல்களை எழுதும்போது கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) தீர்ந்ததும் வேகம் படுத்துவிடும். முதன்மை டிஸ்காக அதை நான் வாங்க மாட்டேன். மூன்றாவது, வாரண்டி.

இதையெல்லாம் பார்த்துச் சாம்சங் 870 எவோ 500 ஜிபியை எடுத்தோம். டிராம் உண்டு, டிஎல்சி, 5 வருட வாரண்டி, 300 டிபிடபிள்யூ. அதாவது 5 வருடம் அல்லது மொத்தம் 300 டெராபைட் எழுதும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை நிறுவனம் பொறுப்பு. தினமும் 40 ஜிபி எழுதினால்கூட அந்த 300 டெராபைட் தீர இருபது வருடம் ஆகும். ஒரு டிடிபி கடை அதில் பாதியைக்கூட எழுதாது. வீட்டில் பிரவுசிங்குக்கு மட்டும் என்றால் கிங்ஸ்டன் ஏ400 மாதிரி டிராம் இல்லாத ஒன்றே போதும். அதற்கு வாரண்டி 3 வருடம். 480 ஜிபியை விட்டு 500 ஜிபியைப் பிடித்ததற்கும் காரணம் உண்டு. பழைய டிஸ்க் 500 ஜிபி. அளவு சமமாக இருந்தால் குளோன் செய்யும்போது (டிஸ்கை அப்படியே நகல் எடுக்கும்போது) பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலை மிச்சம். பில்லில் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

கூடவே வாங்கியவை: 2.5 அங்குல டிஸ்கை 3.5 அங்குல இடத்தில் பொருத்தும் பிராக்கெட், ஒரு சாட்டா டேட்டா கேபிள். பவருக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியில்) சாட்டா பவர் முனைகள் இரண்டே இரண்டு. ஒன்று ஹார்ட் டிஸ்குக்கு, ஒன்று டிவிடி டிரைவுக்கு. மோலெக்ஸ் என்ற பழைய பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகைக் கேபிள்கள் உள்ளே ஷார்ட் ஆகி உருகிப்போன கதைகள் நிறைய. யாரும் தொடாத டிவிடி டிரைவின் முனையைக் கழற்றி எஸ்எஸ்டிக்குக் கொடுத்துவிட்டோம். சுற்றுவதற்கு மோட்டார் எதுவும் இல்லாததால் எஸ்எஸ்டிக்கு 12 வோல்ட்கூட வேண்டாம். 5 வோல்ட் லைனே போதும்.

குளோனிங்குக்கு குளோனசில்லா என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு பூட் செய்தேன். டிஸ்கில் கெட்ட செக்டர் இருந்ததால், பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்ததைப் படிக்கச் சொல்லும் ரெஸ்க்யூ விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். எது மூலம், எது இலக்கு என்பதை மாடல் பெயரைப் பார்த்து உறுதி செய்த பிறகே எண்டர் தட்ட வேண்டும்; மாறிப்போனால் எல்லாம் அழிந்துவிடும். முடிந்ததும் ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து பூட் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

எழுந்தது. ஆனால் பயாஸில் சாட்டா மோட், அதாவது டிஸ்கோடு பேசும் முறை, இன்னும் ஐடிஇ என்ற பழைய முறையிலேயே இருந்தது. விண்டோஸ் 7 காலத்தில் யாரோ அப்படி நிறுவியது. எஸ்எஸ்டிக்கு ஏஎச்சிஐ என்ற புதிய முறை வேண்டும். பல கோரிக்கைகளை வரிசையில் வாங்கி ஒன்றாகக் கவனிக்கும் வசதி அதில்தான் உண்டு. பயாஸில் நேரடியாக மாற்றினால் நீலத் திரைதான் வரும். அதற்கு வழி: விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட், அப்படியே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ, சேஃப் மோடில் விண்டோஸ் எழுந்து டிரைவரைத் தானே பிடித்துக்கொண்டதும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். பழைய டிஸ்க் தொடப்படாமல் தனியாக இருந்ததால் பயமில்லாமல் செய்ய முடிந்தது.

இப்போது டெஸ்க்டாப் அரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. வேகம் அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளில் நேர்கோட்டு வேகம் சாட்டா 2-ன் எல்லைக்கு அருகிலேயே நின்றது. சிறு துண்டுகளைப் படிக்கும் வேகம், ஒரு எம்பிகூடத் தேறாத இடத்திலிருந்து இருபதுக்கு மேல் போயிருந்தது. அக்கா அந்த எண்களைப் பார்க்கவில்லை. பேஜ்மேக்கரைத் திறந்து ஃபான்ட் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "எல்லாம் இருக்கு தம்பி" என்றார்.

ராமையும் 8 ஜிபி ஆக்கினோம். இந்த போர்டுக்கு வேண்டிய டிடிஆர்3 வகை ராம் இப்போதும் செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் எஸ்எஸ்டி தீர்க்காது: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்தப் பிராசசரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் அக்கா இதில் வங்கி வேலை எதையும் செய்வதில்லை. மெயில், வாட்ஸ்அப் எல்லாம் வேறு கம்ப்யூட்டரில், ஃபைல் மட்டும் பென் டிரைவில் வருகிறது.

அந்த இன்னொரு கம்ப்யூட்டர் எச்81 போர்டு. அதிலும் எஸ்எஸ்டி போடப் போகிறோம். எச்81-ல் நான்கு போர்ட்டுகளில் இரண்டு மட்டும் சாட்டா 3. பி75 சிப்செட் போர்டு என்றால் ஒன்றே ஒன்று. பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும், கையேட்டில் எண் போட்டிருக்கும். கேபிளை அதில்தான் செருக வேண்டும்.